பி0171: கோளாறு சென்சாரில் இல்லை, குழாயில்

மூன்று நாளாக எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு பி0171. எரிபொருள் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லாது.

முதலில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன். வீண் செலவு, பழையது உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. காற்றளவு சென்சாரை அதற்குரிய ஸ்ப்ரேயால் சுத்தம் செய்தேன். மறுநாளே விளக்கு வந்துவிட்டது.

இந்த முறை குறியீட்டை அழிக்காமல், அது விழுந்த நொடியில் எஞ்சின் இருந்த நிலையைச் சேமித்து வைக்கும் ஃப்ரீஸ் ஃபிரேம் பதிவைத் திறந்தேன். அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். குறியீடு விழுந்தபோது வண்டி வேகம் 0, கூலன்ட் சூடு 92 டிகிரி. லைவ் டேட்டாவில் குறுகிய கால, நீண்ட கால ஃபியூயல் டிரிம்களை (கலவையைச் சரிக்கட்ட எஞ்சின் கணினி பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் அளவு) கூட்டினால் ஐட்லிங்கில் +22%, 2500 ஆர்பிஎம்மில் +4%. பெட்ரோல் பம்ப் பலவீனமென்றால் லோடு கூடும்போது எண் ஏறும். இங்கே இறங்குகிறது; ஆகவே காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வான த்ராட்டிலுக்கு அப்பால் கணக்கில் வராத காற்று நுழைகிறது.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் காற்றுப் பாதைக்கு இழுக்கும் பிசிவி குழாயின் வளைவில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம், விரிசல். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடிக்கொள்ளும், ரப்பர் சூட்டில் இளகியதும் திறக்கும். காலையில் தேடியபோது சிக்காததற்குக் காரணம் அதுதான். சூடான எஞ்சினில், கையுறையோடு, ஃபேனிலிருந்து கையை விலக்கி வைத்துக் குழாயை இடுக்கியால் நெரித்தேன். டிரிம் சில நொடிகளில் +5%. குழாயையும் இரண்டு கிளாம்பையும் மாற்றி, குறியீட்டை அழித்தேன். அதன்பின் விளக்கு எரியவில்லை. அப்பாடா!