வலையிலும் தூண்டிலிலும் காரீயத்துக்கு மாற்று தேடுவோருக்கு

நீர்ப்பறவை வேட்டையில் காரீய ரவையைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கா 1991 முதல் நாடு முழுவதும் தடை விதித்தது. நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம் என்பதால், துப்பாக்கிக்கு எந்த ரவை நல்லது என்ற ஆராய்ச்சி கொங்கு நாட்டில் யாருக்கும் தேவைப்படாது. ஆனால் அதே காரீயம் வேறொரு வழியாக நம் குளங்களுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வீச்சுவலையின் ஓரத்தில் கோத்த மணிகளும் தூண்டில் நரம்பில் கடித்து இறுக்கிய குண்டுகளும், பவானிசாகரிலும் காவிரியின் பாறை இடுக்குகளிலும் அறுந்து விழுந்து அங்கேயே கிடக்கின்றன. வாத்து வகைப் பறவைகள் தீனியை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும். கல்லோடு கல்லாகக் காரீயக் குண்டும் உள்ளே போனால், வயிற்றின் தசைப்பை அதை அரைக்க, அமிலம் கரைக்க, நஞ்சு இரத்தத்தில் கலந்துவிடும். இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் இப்படி மடிந்ததால்தான் 1987-இல் பெரும்பாலான அளவுகளில் காரீயத் தூண்டில் குண்டுகளின் விற்பனைக்கே தடை வந்தது. வெள்ளோடு, நஞ்சராயன் குளம் ஆகிய பறவைகள் சரணாலயங்கள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுவிட்ட நிலையில், அந்தப் பறவைகள் இரை தேடி இறங்கும் அக்கம்பக்கத்துக் குட்டைகளையும் நாம் கவனிப்பது நியாயம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பில் இருப்பதும், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தேய்ப்பதும் வெள்ளீயம். வலையில் தொங்குவது காரீயம். பேச்சில் இரண்டுமே ‘ஈயம்’ என்பதால், கடையில் ‘ஈயக்குண்டு’ என்று மட்டும் கேட்டால் விடை தெளிவாகக் கிடைக்காது. குண்டை வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பென்சில் கோடுபோல் சாம்பல் நிறத் தடம் விழுந்து, நகத்தால் அழுத்தினாலே பள்ளமும் விழுந்தால் அது காரீயம் என்றே கொள்ளலாம். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஆனால் எவர்சில்வரில் சில வகைகளில் காந்தம் ஒட்டாது என்பதால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்.

மாற்றாக எதை எடுப்பது என்ற கேள்விக்கு, என் கணிப்பில் இரும்பே முதல் விடை. ‘இரும்பு லேசு, வலை மிதந்துவிடும்’ என்று பலரும் தயங்குகிறார்கள். கணக்குப் போட்டால் அந்தத் தயக்கம் நீங்கும். 100 கிராம் காரீயம் தண்ணீருக்குள் ஏறக்குறைய 91 கிராம் நிற்கும். 100 கிராம் இரும்பு ஏறக்குறைய 87 கிராம் நிற்கும். ஆகவே 4 கிலோ காரீயம் கோத்த வலைக்கு 4 கிலோ 200 கிராம் இரும்பு கோத்தால் அதே இழுப்பு கிடைத்துவிடும். எடை கூடுவது இவ்வளவுதான், ஆனால் பருமன் ஒன்றரை மடங்காகும். அதனால் வலை சற்றே நிதானமாக இறங்கும், கையில் மடித்துப் பிடிக்கும்போது ஓரம் தடிப்பாகத் தெரியும். ஓடும் மீனை நம்பி வீசுபவர்கள் முதல் சில நாட்கள் இந்த வித்தியாசத்தை உணரத்தான் செய்வார்கள். கூழாங்கல்லோ சுட்ட மண்ணோ இந்தக் கணக்கில் மிகவும் பின்தங்கிவிடும். கல்லில் அதே இழுப்புக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடை வேண்டும்.

கொங்கு நாட்டில் இரும்புக்கும் லேத் பட்டறைக்கும் பஞ்சமில்லை. 10 மி.மீ. தடிமனுள்ள கம்பியை 25 மி.மீ. துண்டுகளாக வெட்டி நடுவில் 4 மி.மீ. துளை போட்டால், ஒரு மணி சுமார் 13 கிராம் வரும். மேலே சொன்ன வலைக்கு 320 மணிகளுக்கு மேல் வேண்டும். துளையிடும் கூலி கட்டுப்படியாகாதவர்கள் நட்டுகளைக் கோக்கலாம். நட்டின் உள்மரை நூலை அறுக்கும் என்பதால், இருபுற விளிம்பையும் அரத்தால் மழுக்கி, துளைக்குள் சிறு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகிய பிறகே கோக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: வெள்ளையாகப் பளபளக்கும் நட்டுகள் துத்தநாகம் பூசியவை, அந்தத் துத்தநாகமும் பறவை விழுங்கினால் நஞ்சுதான். பூச்சில்லாத கறுப்பு நட்டையே கேட்டு வாங்குங்கள். பித்தளையிலும் கடைசல் வேலைக்கு எளிதாக வேண்டும் என்று சிறிதளவு காரீயம் சேர்ப்பது வழக்கம் என்பதால் அதையும் நான் தவிர்க்கிறேன்.

துருவுக்கு, தோசைக்கல்லைப் பழக்கும் முறையே போதும். மணிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, பழைய வாணலியில் நன்றாகச் சூடேற்றி, ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவித் திரும்பவும் சூடேற்றினால் கறுப்பாக ஒரு படலம் பிடிக்கும். மூன்று முறை செய்தால் ஓரளவு தாங்கும். எண்ணெய் கூடிவிட்டால் பிசுபிசுத்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். என் முதல் சட்டி முழுவதும் அப்படித்தான் வீணாயிற்று. வலையை வீசிவிட்டு வந்ததும் நிழலில் விரித்து உலர்த்துவது துருவை இன்னும் தள்ளிப்போடும்.

தூண்டிலுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். பவானி கூடுதுறைக்குக் கீழே பாறை நிறைந்த இடங்களில் குண்டு சிக்குவதே பெரிய நட்டம் என்பதால், எலுமிச்சை அளவு கூழாங்கல்லைப் பழைய வலைத்துண்டில் முடிந்து, நரம்பைவிட வலுக்குறைந்த பருத்தி நூலால் கட்டினால், சிக்கியபோது நூல் அறுந்து கல் மட்டும் ஆற்றோடு போகும், முள்ளும் மீனும் கைக்கு வந்துவிடும். தக்கைக்குக் கீழே போடும் சின்னக் குண்டுகளுக்கு மட்டும் கல்லும் நட்டும் ஒத்துவராது. அதற்கு வெள்ளீயக் குண்டு கிடைத்தால் விலையைப் பாராமல் வாங்கலாம்.

கழற்றிய காரீயத்தைக் கரையிலோ கிணற்றிலோ போடாதீர்கள், வீட்டில் உருக்கவும் வேண்டாம். முன்பொரு முறை நான் சற்றே ஈரமாக இருந்த களிமண் அச்சில் ஊற்றியபோது நீராவி பொங்கி உலோகம் தெறித்தது. முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பழைய பேட்டரித் தகட்டை உருக்குவது இதைவிடக் கேடு, ஏனெனில் அதில் அமிலமும் தூளும் சேர்ந்தே கிளம்பும். குழந்தைகளின் உடலில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிட்டு, குறடு வைத்துக்கொள்ளுங்கள். கழற்றியதை மூடியுள்ள டப்பாவில் போட்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டப்பா நிறைந்ததும் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டால், புது நட்டுகளின் விலையில் ஒரு பங்காவது தேறிவிடும்.