கண்மாய்த் திட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் செட்டிநாட்டுக் கண்மாய்கள் நிரம்பியதும், அவற்றின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பரப்பில், இருக்கும் மண்திட்டுகள் சுற்றிலும் நீர் சூழ்ந்து ஆளில்லாத சிறு தீவுகளாகிவிடுகின்றன. அத்திட்டுகளில் நிற்கும் கருவேல மரங்களில்தான் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் ஆகியவை கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வீடுகள் பார்க்க வருகிறவர்கள் மிகுதியாக வரும் மார்கழி, தை மாதங்களே பறவைகள் முட்டையும் குஞ்சுமாக இருக்கும் மாதங்கள் என்பதால், வருகிறவர் அறியாமல் செய்யும் பிழைக்குப் பறவைகள் விலை கொடுக்க நேர்கிறது.

கூடு கட்டும் காலத்தில் திட்டின் மீது கால் வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பறவைகள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமே சுற்றியுள்ள நீர் நாயையும் பூனையையும் மனிதரையும் தடுக்கிறது என்பதுதான். ஒருவர் திட்டில் ஏறினாலும் அடைகாக்கும் பறவைகள் மொத்தமாக எழும்பிவிடுகின்றன. அவை வட்டமடித்துத் திரும்புவதற்குள் காக்கைகள் முட்டைகளைக் கொத்திவிடுகின்றன. இறகு முளைக்காத நாரைக்குஞ்சுகளால் உச்சி வெயிலைத் தாங்க முடியாது. தாயோ தந்தையோ சிறகை விரித்து நிழல் கொடுத்தால்தான் அவை பிழைக்கும் என்பதால், நாம் படம் எடுப்பதற்காக நின்ற கால் மணி நேரமே ஒரு கூட்டை அழித்துவிடக் கூடும். சற்று வளர்ந்த குஞ்சுகள் மிரண்டு கிளையிலிருந்து விழுவதும் உண்டு. விழுந்ததைப் பெற்றோர் தேடி வந்து ஊட்டுவதில்லை. மஞ்சள்மூக்கு நாரை முட்டையை ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாத்து, குஞ்சு பறக்கும் வரை மேலும் இரண்டு மாதம் உணவூட்டுகிறது என்பதை நினைத்தால், அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது புரியும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே வகைப்படுத்துகிறது.

நீர் ஆழமில்லை என்று நம்பி இறங்குவது மனித உயிருக்கே ஆபத்தானது. முழங்கால் அளவே தெரியும் இடத்திற்கு அடுத்த அடியில், கோடையில் வண்டல் அள்ளிய பள்ளம் இரண்டு ஆள் ஆழத்திற்கு இருக்கலாம். மழைநீரின் கலங்கலில் அது கண்ணுக்குத் தெரியாது. மீன் பிடிப்பவர்களின் லாரி டியூபை வாங்கி அதில் சில விருந்தினர் மிதந்து போக முயல்வதை நான் கண்டிருக்கிறேன். மீன் பிடிப்பவர்களுக்கு அது பழகிய தொழில், கண்மாயின் பள்ளமும் மேடும் மனப்பாடம். நீச்சல் தெரியாத விருந்தினருக்கு அது பொருந்தாது.

அப்படியானால் எங்கிருந்து பார்ப்பது? கரையே போதும் என்பது என் உறுதியான கருத்து. இப்பகுதியில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால் பெரும்பாலான கண்மாய்களின் கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோ அமைந்திருக்கிறது. எனவே காலையில் கரையில் நின்றால் வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து திட்டின் மீது விழும், எட்டு மடங்கு பெருக்கும் சாதாரண பைனாகுலரிலேயே நாரையின் சிவந்த முகமும் சிறகின் இளஞ்சிவப்பும் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே கரையில் நிற்பவர் கண் கூசி, கறுத்த உருவங்களை மட்டும் பார்த்துவிட்டு ஏமாற்றத்துடன் திரும்புகிறார். விடுதியில் நிதானமாகக் காலை உணவை முடித்துப் பத்து மணிக்குக் கிளம்புவதும் இதே வகைப் பிழைதான், ஏனெனில் அந்நேரத்தில் இரை தேடப் போன பறவைகள் வயல்களில் இருக்கும்.

மழை பொய்த்த ஆண்டில் திட்டுகளில் கூடுகளை எதிர்பார்த்து வருவதும் வீண். கண்மாய் பெருகி, உபரிநீர் வழியும் கலுங்கு பாய்ந்ததா என்று பக்கத்து ஊர்த் தேநீர்க் கடையில் ஒரு வார்த்தை கேட்டாலே தெரிந்துவிடும்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரிலிருந்து மேலூர் செல்லும் வழியில் உள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தம் பிள்ளைகளின் பண்டிகை ஆசையையே அடக்கிக்கொண்ட ஊரின் கரையில் நின்று ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதும், கூடுகளுக்கு மேலே டிரோன் பறக்கவிடுவதும், பறவை எழும்பட்டும் என்று கை தட்டுவதும் மன்னிக்க முடியாத செயல்கள். பளிச்சென்ற நிற உடையைத் தவிர்ப்பதும் நல்லது.

அனுமதி விஷயத்தில் பலரும் குழம்புகிறார்கள். சரணாலயம் வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. மற்ற கண்மாய்களில் பெரியவை நீர்வளத்துறையையும் சிறியவை ஊராட்சி ஒன்றியத்தையும் சேர்ந்தவை. எதுவானாலும் ஊர்க்காரர்களிடம் சொல்லாமல் உள்வாயில் இறங்குவது முறையாகாது.

திட்டின் மீது நடந்து பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள், பறவைகள் குஞ்சுகளோடு கிளம்பிச் சென்று நீர் வற்றிய பிறகு, சித்திரை, வைகாசியில் அனுமதி பெற்று, சேறு காய்ந்த இடமாகப் பார்த்துப் போகலாம். அப்போதும் பழைய கூட்டின் சுள்ளிகளைப் பிரிக்காமலும் கிளைகளை ஒடிக்காமலும் இருக்க வேண்டும், ஏனெனில் இக்கூட்டங்கள் அதே மரங்களுக்கே மறுபடியும் வருகின்றன. கிளைகளில் சிக்கிக் கிடக்கும் தூண்டில் நரம்பையும் வலைத் துண்டுகளையும் மட்டும் கவனமாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வரலாம். அவற்றை அப்படியே விட்டால் அடுத்த ஐப்பசியில் வந்து அமரும் பறவையின் காலில் சுற்றிக்கொள்ளும்.