விபத்து இழப்பீட்டு வழக்கறிஞருக்கு இணையதளம்: பார் கவுன்சில் விதியை மீறாமல் அமைக்கும் முறை

எம்சிஓபி, அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்கள், பார்க்கும் வக்கீல்களுக்கு இது தெரிந்ததுதான். கட்சிக்காரர் நம்மைத் தேடி வருவதற்குள் புரோக்கர் அவரைத் தேடிப் போய்விடுகிறார். அவசர சிகிச்சைப் பிரிவு வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். போன வருடம் என் சேம்பருக்கு வந்த ஒரு அம்மாவிடம், "ஏற்கெனவே வக்கீல் யாரும் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "யாருன்னு தெரியாதுங்க சார். ஆஸ்பத்திரியில ஒருத்தர் வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு" என்றார். கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மகன் போனில் தேடியிருக்கிறான். வந்ததெல்லாம் "நம்பரைக் கொடுங்கள், நாங்கள் அழைக்கிறோம்" என்ற தளங்கள். எத்தனை நாளுக்குள் மனு போட வேண்டும் என்பது தமிழில் அவன் கண்ணில் படவே இல்லை.

அந்த ஒரு வரியை எழுதி வைப்பதற்காகத்தான் நான் தளம் தொடங்கினேன். தொடங்கிய பிறகு மூன்று மாதம் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டேன். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்குவது, வேர்ட்பிரஸ் (தளம் அமைக்கும் மென்பொருள்) நிறுவுவது எல்லாம் யூடியூபில் தமிழிலேயே கிடைக்கிறது, அதனால் விட்டுவிடுகிறேன். டொமைன் பற்றி ஒன்று மட்டும்: உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். தளம் செய்து தருபவர் பெயரில் இருந்தால், நாளை அவர் போனை எடுக்காவிட்டால் தளம் உங்களுடையது இல்லை.

படி 1: எதையெல்லாம் போடலாம்?

முதலில் இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-ஆம் விதியைப் படியுங்கள். வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, தரகர் வைத்துக்கொள்ளக் கூடாது. 2008-இல் வந்த திருத்தம்தான் நமக்கு இணையதளத்துக்கான கதவைத் திறந்தது. அதன்படி தளத்தில் போடக்கூடியவை: பெயர்; முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல்; பதிவு எண், பதிவான தேதி, முதலில் பதிவு செய்த மாநில பார் கவுன்சில், இப்போது இருக்கும் பார் கவுன்சில், உறுப்பினராக உள்ள வழக்கறிஞர் சங்கம்; கல்வி மற்றும் தொழில் தகுதிகள்; எந்தத் துறையில் தொழில் செய்கிறீர்கள் என்பது. இவை உண்மை என்ற உறுதிமொழியும் வேண்டும்.

"விபத்து வழக்கு நிபுணர்", "நம்பர் 1", "80 லட்சம் வாங்கிக் கொடுத்தோம்" எதுவும் கூடாது. கட்சிக்காரரோடு காசோலை பிடித்து நிற்கும் போட்டோவும் கூடாது. "பணம் வந்தால் மட்டும் ஃபீஸ்" என்று எழுதவே எழுதாதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து கட்டணம் பேசுவதை 20-ஆம் விதி தனியாகவே தடுக்கிறது. அமெரிக்கத் தளங்களைப் பார்த்து இதை அப்படியே நகலெடுப்பவர்கள் நிறைய. அங்கே 1977-இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர் விளம்பரத்துக்கு வழிவிட்டுவிட்டது. நம் நிலைமை வேறு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையதளங்கள் வழியாக விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வழி செய்யும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ரீல்ஸ் போடுவதைப் பற்றி 2025 மார்ச்சில் பார் கவுன்சிலே எச்சரிக்கை விடுத்தது. வழக்கறிஞர் சட்டம் 35-ஆவது பிரிவில் பதிவையே நீக்கும் அளவுக்கு அதிகாரம் இருக்கிறது. ஜூனியர்கள் தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னைப் பற்றி ஒரே ஒரு பக்கம், 2008 பட்டியலில் உள்ளது மட்டும். மற்ற பக்கங்களில் சட்டம் மட்டும். அவற்றில் என் பெயரோ "அழைக்கவும்" பட்டனோ கிடையாது. இது நான் எனக்கு வகுத்துக்கொண்ட எல்லை. மிதக்கும் வாட்ஸ்அப் பட்டனை எல்லா டிசைனர்களும் வைக்கச் சொல்வார்கள். எனக்கு அது வேலை கேட்பது போலத்தான் படுகிறது, வைக்கவில்லை.

படி 2: நான் மாட்டிக்கொண்ட இடம், டிஸ்க்ளெய்மர்

வழக்கறிஞர் தளங்களுக்குள் போனதும் "இது விளம்பரம் அல்ல, நானாகவே தகவல் தேடி வந்தேன்" என்று ஒரு அறிவிப்பு வரும், ஒப்புக்கொண்டால்தான் உள்ளே விடும். பார்த்திருப்பீர்கள். எனக்கும் அதைச் செய்து கொடுத்தார்கள். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் தனியாக ஒரு டிஸ்க்ளெய்மர் பக்கத்துக்குப் போகும்; "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தியதும் ஒரு குக்கீ (ஒப்புக்கொண்டதை நினைவில் வைக்க பிரவுசரில் சேமிக்கும் சிறு குறிப்பு) பதிவாகி, கேட்ட பக்கம் திறக்கும். என் போனில் அருமையாக வேலை செய்தது.

மூன்று மாதம் கழித்தும் கூகுளில் என் கட்டுரை ஒன்றுகூட வரவில்லை. தளத்தின் பெயரையே போட்டுத் தேடினேன். வந்தது ஒரே ஒரு முடிவு, அதன் கீழே டிஸ்க்ளெய்மர் வாசகம்.

காரணம் இதுதான். தளங்களைப் படிக்க கூகுள் அனுப்பும் தானியங்கி நிரலான போட் எந்தப் பட்டனையும் அழுத்தாது. குக்கீயை ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு எடுத்துப் போவதும் இல்லை. அதனால் அது எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் டிஸ்க்ளெய்மர் பக்கத்துக்கே திருப்பி விடப்பட்டது. பதினொரு கட்டுரை எழுதியிருந்தேன், கூகுளைப் பொறுத்தவரை தளத்தில் இருந்தது ஒரு பக்கம்.

உங்கள் தளத்தில் இப்படி இருக்கிறதா என்று பார்க்க:

கூகுள் சர்ச் கன்சோலில் (தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் இலவசக் கருவி) தளத்தைச் சேர்த்த பிறகு, மேலே உள்ள தேடல் பெட்டியில் ஒரு கட்டுரையின் முழு முகவரியை ஒட்டுங்கள். "பேஜ் வித் ரீடைரக்ட்" என்று வந்தால் இதே கோளாறுதான். அடுத்து "டெஸ்ட் லைவ் யூஆர்எல்" அழுத்தி, முடிந்ததும் "வியூ டெஸ்டட் பேஜ்" போய், ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்கள். கூகுள் கண்ணுக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று அங்கே படமாகவே வரும். என் கட்டுரைக்கான ஸ்கிரீன்ஷாட்டில் அந்த ஒப்புதல் பட்டன்தான் இருந்தது.

தீர்வு எளிது. தனிப் பக்கத்துக்குத் திருப்பி விடாதீர்கள். அறிவிப்பை அதே பக்கத்தின் மேல் ஒரு திரை போல வரவையுங்கள். கட்டுரை அதற்கு அடியில் ஏற்கெனவே இருக்க வேண்டும். வேர்ட்பிரஸில் குக்கீ அறிவிப்புக்கு வரும் ப்ளக்இன் எதுவும் இதற்குப் போதும், வாசகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு ஒவ்வொரு முகவரியையும் மறுபடி ஒட்டி "ரிக்வெஸ்ட் இன்டெக்ஸிங்" கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

டிசைனரிடம் சொல்லும்போது, "டிஸ்க்ளெய்மர் வேண்டும், ரீடைரக்ட் வேண்டாம்" என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.

படி 3: தமிழ் எழுத்துரு

நீதிமன்ற வளாகத்தில் மனு அடிப்பவர்கள் பலர் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் அடிக்கிறார்கள். அந்த ஃபைலில் இருந்து நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். சிலர் தளத்திலேயே பாமினியை ஏற்றி, கண்ணுக்குத் தமிழாகத் தெரிய வைத்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசம், ஏனென்றால் கூகுள் படிப்பது அந்த ஆங்கிலக் குழப்பத்தைத்தான்.

எல்லாம் யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளும் தமிழாகவே படிக்கும் பொதுக் குறியீட்டில், இருக்க வேண்டும். மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போதும். மாற்றியதும் ஒருமுறை முழுக்கப் படியுங்கள், நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறி உளறலாகியிருக்கும். எழுத்துருவுக்கு என் தேர்வு நோட்டோ சான்ஸ் தமிழ். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமுக்கு ஜெனரேட்பிரஸ் இலவசப் பதிப்பு. படங்கள் ஓடும் பெரிய பேனர் உள்ள தீம்களை நான் பரிந்துரைக்க மாட்டேன், மருத்துவமனை வராண்டாவில் சிக்னல் குறைவான போனில் அவை திறக்கவே திறக்காது.

படி 4: என்ன எழுதுவது?

இங்கேதான் நேரம் போட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி. சேம்பரில் உங்களிடம் கேட்கும் கேள்வியையே, கேட்கும் சொற்களிலேயே தலைப்பாக வையுங்கள். "மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுச் சட்டம் ஓர் அறிமுகம்" என்று யாரும் தேடுவதில்லை. "இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் பணம் கிடைக்குமா?" என்று தேடுகிறார்கள். பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: அடையாளம் தெரியாத வண்டி என்றால் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள திட்டத்தின் கீழ். அப்புறம் யாரிடம் மனு கொடுப்பது, என்ன ஆவணம் வேண்டும் என்று போகலாம்.

தொகை எப்படி வருகிறது என்பதைக் கணக்காகவே காட்டுங்கள். என் தளத்தில் அதிகம் படிக்கப்படுவது இந்தக் கணக்குதான்:

இறந்தவருக்கு வயது 32, சுயதொழில், மாத வருமானம் 15,000. உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேதி தீர்ப்பின்படி (2017) எதிர்கால வருமான உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. மனைவி, இரண்டு பிள்ளைகள் என மூன்று பேர் சார்ந்திருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும், மீதி 14,000. வருடத்துக்கு 1,68,000. சர்லா வர்மா தீர்ப்பின் (2009) அட்டவணையில் 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் 16. ஆக 26,88,000. வீட்டில் அவரை நம்பி அம்மாவும் இருந்தால் சார்ந்தவர் நான்கு பேர். கழிவது நான்கில் ஒரு பங்குதான், தொகை 30,24,000. இதற்கு மேல் ஈமச்சடங்கு போன்ற தலைப்புகளில் தனித் தொகை சேரும். இறந்தவர் மீதும் தவறு இருப்பதாகத் தீர்ப்பாயம் கண்டால் அந்த விகிதத்துக்குக் குறையும்.

அம்மாவின் பெயரை மனுதாரர்களில் சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று இதைப் பார்த்தவுடனே புரிந்துவிடும். விளக்கமாக நான்கு பக்கம் எழுதினாலும் இது வராது.

காயம் என்றால், ஊனச் சான்றில் உள்ள சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் (2010) உச்ச நீதிமன்றம் சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம்: இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் அவர் பிழைப்பே போய்விடும், அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை தொடரலாம்.

பிறகு அந்தக் காலவரம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், மனு போடுவதற்கு 166-ஆவது பிரிவில் 6 மாதம் என்று வைத்தது, 2022 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. எனவே இந்தப் பக்கத்தின் மேலே "கடைசியாகச் சரிபார்த்த தேதி" என்று போட்டு, மாதம் ஒருமுறை பாருங்கள். வாசகரிடம் நான் சொல்வது, வழக்கு எப்படிப் போனாலும் 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள் என்பதுதான். தவறான தேதி ஒன்று தளத்தில் கிடந்தால் ஒரு குடும்பத்தின் உரிமையே போய்விடலாம்.

படி 5: வரைபடத்தில் சேம்பர்

கூகுள் பிசினஸ் புரொஃபைலில் பெயர், முகவரி, எண், வேலை நேரம் மட்டும் போடுங்கள். நான் இதை வாசலில் மாட்டும் பெயர்ப்பலகையாகத்தான் நினைக்கிறேன். பலகையில் உள்ள பெயரே இங்கும் இருக்கட்டும். பெயரோடு "விபத்து வழக்கு வக்கீல்" என்று ஒட்டினால் கூகுள் விதிக்கும் அது ஒத்துவராது, நம் விதிக்கும் ஒத்துவராது. வகையில் "வழக்கறிஞர்" போதும். ரிவ்யூ போடச் சொல்லி கட்சிக்காரரைக் கேட்காதீர்கள்.

படி 6: காத்திருந்து பார்ப்பது

சர்ச் கன்சோலில் "பெர்ஃபார்மன்ஸ்" பகுதியை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்று அங்கே வரும். முக்கால்வாசிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் என் தளத்துக்கு வருகிறார்கள். அதற்காகக் கட்டுரையை அப்படி எழுத வேண்டாம். கூகுளே பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. புதிய கேள்வி கண்ணில் பட்டால் அதற்கு ஒரு பக்கம் எழுதுங்கள். கட்டணமில்லா சிகிச்சைத் திட்டம் பற்றிய பக்கத்தை நான் அப்படித்தான் எழுதினேன். 2025 மே மாதம் வந்த அத்திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 7 நாளுக்கு 1.5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அது பலருக்குத் தெரியவே இல்லை.

வழக்கு எண்ணிக்கை உடனே கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு முதல் வருடத்தில் தளம் வழியாக வந்தவர்கள் ஒன்பது பேர். ஆனால் அந்த ஒன்பது பேரும் எஃப்ஐஆர் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவச் செலவு பில்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்து வந்தார்கள், கட்டுரையில் அப்படி எழுதியிருந்தேன் என்பதால்.

பிற்சேர்க்கை 1: வழக்கறிஞர் சங்கக் கட்டடத்தில் சேம்பர் வைத்திருக்கும் ஒருவர், வரைபடப் பதிவு முடக்கப்பட்டதாகக் கருத்துப் பகுதியில் எழுதியிருந்தார். ஒரே முகவரியில் இருபது வக்கீல்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முகவரியில் சேம்பர் எண்ணைச் சேர்த்து, சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டபோது தெருவில் தொடங்கி, கட்டட வாசல், மாடிப்படி, தன் பெயர்ப்பலகை, பூட்டைத் திறப்பது வரை நிறுத்தாமல் ஒரே காட்சியாக எடுத்து அனுப்பச் சொன்னேன். பதிவு திரும்ப வந்துவிட்டது.

பிற்சேர்க்கை 2: கட்டுரையின் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்களுமாக நாலு வரி நீளத்துக்கு வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தலைப்பு தமிழில் இருப்பதால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே உருவாக்கிவிடுகிறது. வெளியிடும் முன்பே, முகவரியின் கடைசிப் பகுதியான "ஸ்லக்" என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே வெளியிட்டதை மாற்றினால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பி விடும் ஏற்பாடு) வைத்துவிட்டு மாற்றுங்கள். குடும்ப குரூப்களில் பழைய லிங்க்கைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் பக்கம் திறக்க வேண்டும்.