ஐஜிஎஃப்-1 குறைவா? ஊசியை எழுதும் முன் பிளேட்லெட்டைப் பாருங்கள்

சென்ற வாரம் எங்கள் ஓ.பி.யில் முதுகலை மருத்துவம் படிக்கும் தம்பி ஒருவர், ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டும் கையுமாக வந்தார். "சார், ஃபேட்டி லிவர். ஐஜிஎஃப்-1 கம்மி. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடுதானே?" ஐஜிஎஃப்-1 என்பது வளர்ச்சி ஹார்மோனின் கட்டளைப்படி உடம்பு செய்யும் ஒரு புரதம். அது குறைந்தால் ஹார்மோனே குறைவு என்று நினைக்கத் தோன்றும். இருபது வருடங்களுக்கு முன் இதே கேள்வியைக் கேட்டவன் நான். கேட்டதோடு நிற்காமல் வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் எழுதியவன். எண்ணெயைக் குறை, தினமும் நட என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். இந்த ஹார்மோன் விஷயத்தில் நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

போகிற போக்கில் ஹார்மோன் அளவு பார்ப்பது

வீண் செலவு. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை விட்டு விட்டுத்தான் சுரக்கிறது, அதிகமாக ஆழ்ந்த தூக்கத்தில். காலை பத்து மணி ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது இயல்புதான்.

ஐஜிஎஃப்-1 குறைந்ததும் பிட்யூட்டரி மேல் பழி போடுவது

இன்றும் என்னைக் கடுப்பேற்றுவது இதுதான். வளர்ச்சி ஹார்மோன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும். கல்லீரல் தானே கொழுப்புத் தயாரிப்பதையும் அடக்கி வைக்கும். அதனால் பிட்யூட்டரி கெட்டவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்வது உண்மை. இதைத் தலைகீழாகத் திருப்பி, கொழுப்பு இருந்தாலே ஹார்மோன் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் தப்பு.

ரத்தத்தில் ஓடும் ஐஜிஎஃப்-1இல் பெரும்பங்கைச் செய்வது கல்லீரல். பிட்யூட்டரி ஆர்டர் போடும், சரக்கு கல்லீரல் என்ற பட்டறையிலிருந்து வர வேண்டும். கல்லீரல் முற்றாகத் தழும்பேறும் சிரோசிஸில் ஆர்டர் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே போகும். பட்டறை இடிந்து கிடப்பதால் சரக்குதான் வராது.

பெரம்பூரில் மளிகைக் கடை வைத்திருந்தவர், 48 வயது. ஸ்கேனில் கொழுப்பு, எப்போதும் அசதி, ஐஜிஎஃப்-1 கீழே. ஊசியை ஆரம்பித்தேன். செலவு கடை வாடகையைத் தாண்டியது. ஆறாவது வாரம் விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 104இலிருந்து 151. இந்த ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான்! சீனியர் ஃபைலைப் புரட்டி ஒரே இடத்தில் விரல் வைத்தார்: பிளேட்லெட் 98,000, ரொம்பக் கம்மி. கல்லீரல் தழும்பேறி, மண்ணீரல் பெருத்து, பிளேட்லெட்டைப் பிடித்து வைத்திருந்தது. முதல் நாள் ரிப்போர்ட்டிலேயே இருந்த எண் அது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. கடைக்காரர், "பரவாயில்ல டாக்டர், இனிமே ஊசி வேணாம்ல?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.

பிட்யூட்டரியில் கட்டி, அறுவை, தலைக்குக் கதிர்வீச்சு, பலத்த தலைக்காயம் என ஏதாவது காரணம் இருந்தால் மட்டும், மருந்து கொடுத்து ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்கும் தூண்டுதல் பரிசோதனைக்குப் போங்கள். அதிலும் ஒரு சிக்கல்: தொப்பை பெரிதாக இருந்தாலே சுரப்பு மங்கும், எடை இறங்கினால் தானாகத் திரும்பி வரும்.

ஜிம்மில் கொடுத்த ஊசி

தொடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த டெசாமோரெலின்

இது வளர்ச்சி ஹார்மோன் இல்லை. பிட்யூட்டரியைத் தூண்டி அதைச் சுரக்க வைக்கும் மருந்து. 2010இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது எச்ஐவி உள்ளவர்களின் வயிற்றுக் கொழுப்புக்கு. 2019இல் வந்த ஆய்வில் கல்லீரல் கொழுப்பும் குறைந்தது, ஆனால் அதில் இருந்தவர்களும் எச்ஐவி நோயாளிகளே. பக்கத்து வீட்டு அங்கிளுக்கு அதை நீட்டாதீர்கள். ஃபேட்டி லிவர் அழற்சிக்கு 2024இல் அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிரோமையும் வளர்ச்சி ஹார்மோன் கணக்கில் சேர்க்கிறார்கள். அது தைராய்டு ஹார்மோன் வழியில் வேலை செய்வது.

எடையை மறப்பது

7 முதல் 10 சதவீதம் இறங்கினால் கல்லீரல் அழற்சியே தணியும். இதற்கு ஊசி தேவையில்லை.

சரி, அந்தத் தம்பி. ஐஜிஎஃப்-1 தாளை வாங்கி வைத்துவிட்டு, கல்லீரல் தழும்பைக் கணிக்கும் எஃப்ஐபி-4 கணக்கைப் போடச் சொன்னேன். ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் என்சைம்கள். வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, வந்ததை, பிளேட்லெட்டை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. நோயாளிக்கு வயது 52, ஏஎஸ்டி 68, ஏஎல்டி 49, பிளேட்லெட் 1,48,000, அதாவது கணக்கில் 148. ஃபோனில் தட்டினார். 3.4 வந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்குச் சீட்டு எழுதப் பேனாவைத் தேடினார்.