கையெழுத்திடும் முன்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து அதைப் பார்க்கலாம். அவ்வளவு கூட்டத்தின் முன் ஆடிய மாணவர்களுக்கு 2021 வரை சட்டப்படி கிடைத்ததெல்லாம் கல்வி உதவித்தொகையும் அதைச் சார்ந்த சில சலுகைகளும்தான். அந்த ஆண்டு ஜூலை 1 முதல், தம் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துச் சம்பாதிக்கும் உரிமை அவர்களுக்கு வந்தது. ஓராண்டு வெளியே உட்காராமல் ஒருமுறை கல்லூரி மாறலாம் என்ற தளர்வும் அதே ஆண்டில்தான் வந்தது. 2024 ஏப்ரலில், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த ‘ஹவுஸ்’ வழக்குச் சமரசத்தின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கின. முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர் வரை கொடுக்கலாம்.

நான்கே ஆண்டுகளில் பணம் வந்துவிட்டது. ஆனால் தொழில்முறை வீரர்களுக்கு இருக்கும் சங்கமோ கூட்டு ஒப்பந்தமோ இவர்களுக்கு இல்லை. பதினெட்டு வயது மாணவரும் அவருடைய பெற்றோரும் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நேர்கின்றன.

பயிற்சியாளரின் வாய்ச்சொல்லை ஒப்பந்தமாக எண்ணிக்கொள்வது அவற்றில் முதலாவது. 2024 செப்டம்பரில், நெவாடா பல்கலைக்கழகத்தின் லாஸ் வேகஸ் அணி ஆடிய 3 ஆட்டங்களிலும் வென்றிருந்தபோது, அதன் குவார்ட்டர்பேக் (தாக்குதல் ஆட்டத்தை வழிநடத்துபவர்) மேத்யூ ஸ்லூகா அந்தப் பருவத்தில் இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொல்லிவிட்டுத் தரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படியொரு கடமை தங்களுக்கு இல்லை என்றது கல்லூரி. எழுத்தில் எதுவும் இல்லாததால், யார் சொல்வது உண்மை என்று வெளியிலிருப்பவர் தீர்மானிக்க வழியே இல்லாமல் போயிற்று.

எழுத்தில் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஜேடன் ரஷாடா என்ற பள்ளி மாணவர் 2022 இறுதியில் புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வருவதற்காக அதன் ஆதரவாளர்களின் நிதி அமைப்பு ஒன்றுடன் 1.385 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். சில வாரங்களிலேயே அந்த அமைப்பு அதை முறித்துக்கொண்டது. விவகாரம் 2024 மே மாதம் நீதிமன்றத்துக்குப் போனது. ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டியது தொகையை அல்ல, அதை யார், எப்போது, என்ன காரணம் காட்டி முறிக்கலாம் என்ற பத்தியைத்தான்.

இவற்றைவிட ஆபத்தானது, இன்றைய கைப்பணத்துக்காக நாளைய சம்பளத்தை எழுதிக்கொடுப்பது. புளோரிடாவில் ஆடிய ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் பெற்றுக்கொண்டார். ஈடாக, என்எஃப்எல் எனும் தொழில்முறைப் போட்டியில் தமக்குக் கிடைக்கும் ஊதியத்தில், வரி கழிக்கும் முன்பே 15 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்குத் தர ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே சிகாகோ பேர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் ஒப்பந்தம் சுமார் 67 லட்சம் டாலர். கணக்குப் போட்டால், அந்த ஒரு ஒப்பந்தத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் டாலர் நிறுவனத்துக்குப் போக வேண்டும். அதாவது வாங்கியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கடன் என்று பெயர் இல்லை என்பதற்காக இதைக் கடனைவிட லேசானது என்று எண்ணக் கூடாது. ஒப்பந்தம் மாநிலச் சட்டத்துக்கு முரணானது என்று வாதிட்டு அவர் 2023-இல் வழக்குத் தொடுத்தார்.

கல்லூரி மாறுவதில் வேறு விதமான மயக்கம் உண்டு. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் விருதை 2022 முதல் 2025 வரை பெற்ற கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், டிராவிஸ் ஹன்ட்டர், ஃபெர்னாண்டோ மென்டோசா ஆகிய நால்வருமே முதலில் சேர்ந்த கல்லூரியை விட்டு வந்தவர்கள். இதைப் பார்த்ததும், ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ எனும் பதிவேட்டில் பெயரைப் போட்டால் நல்ல இடம் தானாகத் தேடி வரும் என்று தோன்றிவிடுகிறது. பெயர் ஏறியதும், நடப்புப் படிப்புப் பருவம் முடிந்த பின் உதவித்தொகையை நிறுத்த பழைய கல்லூரிக்கு உரிமை வந்துவிடுகிறது. புதிய கல்லூரி எதுவும் அழைக்காமல் அந்தரத்தில் நிற்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

படிப்புக் கணக்கையும் பலர் பார்ப்பதில்லை. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பின் 40 சதவீதமும் நான்காம் ஆண்டில் 60 சதவீதமும் முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. பழைய கல்லூரியில் தேறிய பாடங்களில் பாதியைப் புதிய கல்லூரி ஏற்காவிட்டால், களத்தில் எவ்வளவு திறமை இருந்தாலும் ஆட முடியாது. போர்ட்டலில் நுழையும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இப்போது இடையில் விலகுவதற்கும் விலை வைக்கிறார்கள். ஜார்ஜியா அணியிலிருந்து மிசௌரிக்குச் சென்ற ஒரு வீரரிடம் ஒப்பந்த மீறலுக்காக 3,90,000 டாலர் கேட்டு, ஜார்ஜியாவின் விளையாட்டு நிர்வாகம் 2025-இல் சட்ட நடவடிக்கையில் இறங்கியது. ஊழியர் என்ற தகுதியைத் தராமல், ஊழியரிடம் கேட்பதைப் போல் இழப்பீடு கேட்பது என் பார்வையில் நியாயமாகப் படவில்லை. ஆனாலும் கையெழுத்திட்டவர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கடைசியாக வரி. விளம்பர வருமானம் பொதுவாகச் சுயதொழில் வருமானமாகவே கருதப்படுகிறது. யாரும் முன்கூட்டியே வரி பிடித்துக்கொண்டு தருவதில்லை. வருமான வரிக்கு மேல் 15.3 சதவீதச் சுயதொழில் வரியும் உண்டு. இரண்டையும் ஆண்டுக்கு நான்கு தவணைகளாக முன்னதாகவே கட்ட வேண்டும். அக்டோபரில் காசோலை வாங்கி நவம்பரில் கார் வாங்கிய மாணவருக்கு இது ஏப்ரலில்தான் தெரியவருகிறது.