கருத்துக் கேட்கப் போகுமுன்: காலநிலைப் பணிக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூக அணிதிரட்டுநர், கள உத்தியோகத்தர், சமூகத் தொடர்பு உத்தியோகத்தர் என்று திருகோணமலையில் வரும் வேலை விளம்பரங்களில் பல இப்போது காலநிலையோடு ஒட்டியவை. வெள்ள முன்னாயத்தம், குளப் புனரமைப்பு, கண்டல் (களப்போரச் சேற்றில் வளரும் மரங்கள்) நடுகை, சூரிய மின்சாரம் என்று பெயர்தான் மாறும். வேலை ஒன்றுதான்: ஊருக்கும் திட்டத்துக்கும் நடுவில் நிற்பது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படித்து முடித்து இதற்கு வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனாலும் முதல் ஆறு மாதத்தில் விடும் பிழைகள், அவர்களுக்கு முன் வந்தவர்கள் விட்ட அதே பிழைகள். நேரத்துக்குப் போங்கள், மரியாதையாகக் கதையுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அது தெரியாதவருக்கு இந்தத் தொழில் சரிவராது.

பனிக்கரடியோடு தொடங்குவது

தம்பலகாமத்தில் கமக்காரர் அமைப்பின் கூட்டம். புதிதாக வந்தவர் திரையைக் கட்டி, உருகும் பனிப்பாறையைக் காட்டி, 2030 இற்குள் பைங்குடில் வாயுக்களை 14.5 சதவீதம் குறைக்க இலங்கை 2021 இல் உறுதியளித்ததை விளக்குகிறார். எல்லாம் சரியான தகவல். முன்வரிசையில் இருப்பவரின் தலைக்குள் ஓடுவதோ கந்தளாய்க் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்கு விடுவார்கள் என்பதுதான்.

திரையைச் சுருட்டி வையுங்கள். ஒரு பெரிய கடதாசியில் பன்னிரண்டு கட்டம் போட்டு, சித்திரை முதல் பங்குனி வரை எழுதுங்கள். மழை, விதைப்பு, தண்ணீர் திறப்பு, அறுவடை, கடன் வாங்கும் மாதம், நோய் கூடும் மாதம் என்று ஒவ்வொன்றையும் அவர்களே புளியங்கொட்டை வைத்துக் காட்டட்டும். பிறகு அதன் கீழேயே இன்னொரு வரிசை போட்டு, “இருபது வருசத்துக்கு முந்தி எப்படி?” என்று கேளுங்கள். கொட்டைகள் இடம் மாறும். விதைப்பு தள்ளிப்போனது, மழை ஒரேயடியாகக் கொட்டுவது எல்லாம் நீங்கள் வாய் திறக்காமலே கடதாசியில் வந்துவிடும். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை அந்தக் கூட்டத்தில் கட்டாயம் இருக்கவேண்டும். எந்த வாய்க்காலின் கடைக்கோடி எப்போது காயும் என்பது அவருக்கு மனப்பாடம்.

முடிவை எடுத்துவிட்டுக் கருத்துக் கேட்கப் போவது

எல்லாவற்றிலும் விலை கூடிய பிழை இதுதான். இதை எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் தவிர்த்திருக்கலாம்.

கண்டல் நடுகையையே எடுத்துக்கொள்வோம். முன்மொழிவு கொழும்பில் எழுதப்படுகிறது. இன்ன களப்பு ஓரம், இத்தனை ஆயிரம் கன்று, ஜூன் 5 உலகச் சுற்றாடல் தினத்தில் நடுகை. பணம் வந்த பிறகு கள உத்தியோகத்தரிடம், “ஊரின் கருத்தைக் கேட்டு வாருங்கள்” என்கிறார்கள். கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம். வரவுத்தாளில் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கையெழுத்து. ஒரு பிஸ்கட் பக்கற், ஒரு சோடா, ஒரு குழுப் படம். அறிக்கையில் “சமூகத்துடன் கலந்தாலோசிக்கப்பட்டது” என்று ஒரு வரி ஏறிவிடும். கையெழுத்து வைத்தவர் ஒத்துக்கொண்டது தான் வந்ததை மட்டும். திட்டத்தை யாரும் அவரிடம் கேட்கவேயில்லை.

அடுத்து நடப்பதைப் பாருங்கள். ஜூன் என்றால் நம் பக்கம் கச்சான் வீசும் காலம். மாரி போய் மாதங்கள் ஆகி, களப்பு வற்றி, உப்பு ஏறியிருக்கும். வாடைக்குக் கடல் கொந்தளிப்பதால், இந்தக் கரையில் தொழில் நன்றாக நடப்பது பங்குனிக்கும் புரட்டாதிக்கும் இடையில். அதனால் ஊர் ஆண்கள் கடலில். கன்று தாங்காத மாதத்தில், ஆள் கிடைக்காத மாதத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டுச் சேற்றில் இறக்கிவிடுவார்கள்.

இடமும் பிழை. யாரும் உரிமை கேட்காத வெறும் சேற்றுத்தரை என்பதாலேயே அது தெரிவாகியிருக்கும். பக்கத்தில் கண்ணா, தில்லை என்ற மரங்கள் தாமாக வளர்ந்து நிற்க, இந்தத் துண்டில் மட்டும் ஏன் ஒன்றும் முளைக்கவில்லை என்று கேட்டிருக்கவேண்டும். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே தரை ஒரு சாண் தாழ்ந்தாலே நீர் அதிக நேரம் நின்று இளங்கன்றின் வேர் மூச்சுத் திணறும். அதோடு எல்லாம் ஒரே இனம். முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் கண்டல் வித்துகள் பொறுக்கவும் எளிது, சேற்றில் குத்தவும் எளிது, படத்திலும் வரிசையாகத் தெரியும். மாரி வந்ததும் பாதி மூழ்கும். மிச்சத்தில் பாசி சுற்றிச் சாயும். அதற்கும் தப்பியதை மாடு மிதிக்கும். இரண்டாம் வருடப் பராமரிப்புக்குப் பாதீட்டில் ஒரு சதமும் இருக்காது.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் 23 இடங்களில் 1,000 ஹெக்டேயருக்கு மேல் கண்டல் நட்டார்கள். அவற்றைப் போய்ப் பார்த்த ஆய்வு 2017 இல் வெளிவந்தது. தேறியது ஏறத்தாழ 200 ஹெக்டேயர். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழையான இடத்தெரிவும் நட்ட பின் கவனிக்காமல் விட்டதும் முக்கிய காரணங்கள்.

எரிச்சலுக்குக் காரணம் இது: ஊரில் யாருக்காவது எப்போதும் தெரிந்திருக்கும். நடுகை நாளில் கரையோரம் இறால் பொறுக்கிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்து, “தம்பி, மாரிக்கு இஞ்ச இடுப்பளவு தண்ணி நிக்கும். அங்கால மேட்டில வையுங்கோ” என்பார். “இடம் முந்தியே தெரிவு செய்தாச்சு அம்மா” என்று பதில் போகும். பத்து மணிக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை, அந்த நேரம் களப்பில் நின்றார். எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

சரியாகச் செய்ய மூன்று சுற்று வேண்டும். முதற் சுற்றில் கூட்டமே வேண்டாம். வலை போடுபவர், மாடு சாய்ப்பவர், நண்டோ இறாலோ பொறுக்கும் பெண் என்று மூவரோடு தனித்தனியாகக் கரையை நடவுங்கள். மரத்தில் சேறு படிந்த கோட்டைக் காட்டச் சொல்லுங்கள், அது போன மாரியின் உயரம். பத்து சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்ட தடியை ஊன்றி, ஒரு மாதத்துக்குத் தினமும் நீர்மட்டத்தைக் குறிக்க ஊர்ப் பையன் ஒருவருக்குக் கூலி கொடுங்கள். ஒரு மாதம் கோடையிலும் ஒரு மாதம் மாரியிலும் எடுத்தால் இன்னும் நல்லது. களப்புக்கு நீர் வரும் மதகு அடைபட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சில இடங்களில் அதைத் துப்புரவாக்கினாலே போதும், கன்று நடத் தேவையில்லை, வித்து தானாக வந்து ஊன்றும்.

இரண்டாம் சுற்றில் சிறு குழுக்கள். ஆண்களும் பெண்களும் வேறாக, தொழில் வாரியாக, பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். நிலத்தில் வரைபடம் கீறி, “எந்த இடத்தில் கை வைக்கக்கூடாது?” என்பதை முதலில் கேளுங்கள். வலை இழுக்கும் இடம், தோணி ஏற்றும் இடம், மாடு தண்ணீருக்கு இறங்கும் பாதை எல்லாம் அந்தக் கேள்விக்குத்தான் வெளியே வரும்.

மூன்றாம் சுற்றில் தெரிவுகளைக் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பணம், யார் பார்த்துக்கொள்வது, எத்தனை வருடம் என்று எழுதிக் காட்டுங்கள். “ஒன்றும் செய்யாமல் விடுவது” என்பதும் அதில் ஒரு தெரிவாக இருக்கட்டும். இரண்டு வாரம் கொடுத்துவிட்டு வாருங்கள். கண்டல் நிலம் பெரும்பாலும் அரச காணி. வனப் பாதுகாப்புத் திணைக்களம், கரையோரம் பேணல் திணைக்களம், பிரதேச செயலகம் என்று அனுமதிக்கு அலைய எப்படியும் அந்த நேரம் தேவைப்படும்.

இளநிலை உத்தியோகத்தருக்கு இதையெல்லாம் மாற்றும் அதிகாரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒன்று செய்யலாம். களத்துக்குப் போகுமுன் மேலதிகாரியிடம், “இடம், காலம், இனம், கூலி — இதில் எது இன்னும் முடிவாகவில்லை?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எதுவும் திறந்திருக்கவில்லை என்றால் கருத்துக் கேட்கப் போகாதீர்கள், அறிவித்தல் கொடுக்கப் போகிறோம் என்று நேராகச் சொல்லிப் போங்கள். ஊர் அதைப் பொறுத்துக்கொள்ளும். கேட்பதுபோல் நடிப்பதை நெடுநாள் மறக்காது, அதற்கான வசவும் அடுத்த நிறுவனத்திலிருந்து வரும் அப்பாவியின் தலையில்தான் விழும்.

பழைய வெள்ளத்தைக் கேட்காமல் புதிய வெள்ளம் பற்றிப் பேசுவது

வெருகலிலும் மூதூரிலும் மகாவலி ஏறுவதைப் பற்றி வகுப்பு எடுக்கவேண்டாம், அவர்கள் எடுப்பார்கள். கேட்கவேண்டியது, போன முறை ஏன் வெளியேறவில்லை என்பதை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்தது. எதிர்பார்த்த அளவு சேதம் இங்கே இல்லை, மழை வெள்ளம் யாழ்ப்பாணத்தைத்தான் அதிகம் வாட்டியது. “வரும் வரும் என்றார்கள், வரவில்லை” என்ற அந்த நினைவு அடுத்த எச்சரிக்கையின் வலுவைக் குறைக்கிறது. மாட்டை விட்டுப் போக மனமில்லாமை, பூட்டிய வீட்டில் களவு போகும் என்ற பயம், பாதுகாப்பு நிலையத்தில் பெண்களுக்குத் தனி மலசலகூடம் இல்லாமை என்று மற்றக் காரணங்களும் வரும். 117 என்ற அனர்த்த அவசர அழைப்பு இலக்கத்தைச் சுவரில் ஒட்டுவதால் இவற்றில் ஒன்றும் தீராது. மாட்டை எந்த மேட்டுக்குக் கொண்டுபோவது என்று கிராம உத்தியோகத்தரோடு இருந்து முன்கூட்டியே முடிவு செய்வது தீர்க்கும்.

காணியின் கதை தெரியாமல் இறங்குவது

சூரிய மின்சாரம் நல்ல விஷயம்தான், யார் எதிர்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சம்பூர்ப் பக்கம் போகாதீர்கள். 2006 இல் இடம்பெயர்ந்த அந்த மக்களில் பெரும்பாலானோருக்கு 2015 இற்குப் பிறகே காணி திரும்பக் கிடைத்தது. நடுவில் அங்கே நிலக்கரி மின்நிலையம் என்றார்கள், 2016 இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். உங்கள் கையில் இருப்பது காலநிலைத் திட்டம். அவர்கள் காதில் விழுவது “காணி” என்ற ஒரு சொல். எந்த ஊருக்கும் போகுமுன் யாருடைய காணி, காணி உறுதியா அரச அனுமதிப்பத்திரமா, எந்த வருடம் யார் எடுத்தார்கள், என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை எழுத முடியாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கூட்ட நேரம்

வெள்ளி மதியம் ஜும்ஆ, போயா நாள், கோயில் திருவிழா, சம்பள நாள் — நாட்காட்டியைப் பாருங்கள். கிண்ணியாவில் பெண்களோடு கதைக்க அசர் (பிற்பகல்) தொழுகைக்கு முன், சமையல் முடிந்த நேரம். கரைவலைக்காரரோடு என்றால் வலை ஏறி மீன் பங்கு பிரித்த பிறகு, கரையில் அவர்கள் தங்கும் வாடியிலேயே.

சிங்களம்

படியுங்கள். மொழிபெயர்ப்பாளரை நம்பிக் கோமரங்கடவல போன்ற சிங்கள ஊரில் பகையைத் தீர்க்க முடியாது.

“பார்த்துச் செய்வோம்”

சொல்லவே கூடாது. அது வாக்குறுதியாகத்தான் கேட்கும்.

ஒப்பந்தம் முடியும்வரை அடுத்ததை நினைக்காமல் இருப்பது

இந்தத் துறையில் வேலை பெரும்பாலும் திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகும், ஒன்றிலிருந்து மூன்று வருடம். அரச அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவி, மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு, தொண்டு நிறுவனங்கள், மின் திட்டம் செய்யும் தனியார் கம்பனிகளின் சமூகத் தொடர்புப் பிரிவு என்று வழிகள் உண்டு. சமூகப்பணியில் தகுதி வேண்டுமானால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் இருக்கிறது. ஆனால் நேர்முகத்தில் உங்களைத் தூக்கி நிறுத்துவது எழுதி வைத்த வேலைதான். “நாற்பது கூட்டம் நடத்தினேன்” என்பது ஒன்றுமில்லை. “ஊர் சொன்னதால் திட்டத்தில் இன்ன இடம் மாறியது, இன்ன செலவு கூடியது, அதை இப்படி அனுமதிக்கச் செய்தேன்” என்று மூன்று உதாரணம் வேண்டும். இருமொழியில் கூட்டக் குறிப்பு எழுதுவது, தொலைபேசியில் தகவல் திரட்டும் கோபோ (Kobo) செயலியில் படிவம் அமைப்பது, ஜிபிஎஸ் புள்ளிகளை வரைபடத்தில் ஏற்றுவது, பாதீட்டின் ஒரு வரியைப் படித்து விளங்கிக்கொள்வது ஆகிய நான்கையும் ஒப்பந்தக் காலத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

போகும்போது ஊரின் தொலைபேசிப் பட்டியலை அடுத்த நிறுவனத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அடையாள அட்டை இலக்கத்தோடு உள்ள வரவுத்தாள்கள் வான் இருக்கையில் கிடப்பதையும் பார்த்திருக்கிறோம், அவற்றைப் பூட்டி வையுங்கள். ஊர் கீறிய வரைபடத்திலும் நீர்மட்டக் குறிப்பிலும் ஒவ்வொரு பிரதி சங்கத்தின் அலுமாரிக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் திட்டம் முடிந்த மாதமே மடிக்கணினியோடு சேர்ந்து அதுவும் கொழும்புக்குப் போய்விடும், அடுத்து வருபவர் அதே ஊரில் மறுபடி புளியங்கொட்டை பரப்புவார்.