சாயங்காலம் வந்தால் வீறிட்டு அழும் கைக்குழந்தை: தேற்றுவது எப்படி, பகலில் தூங்க வைப்பது எப்படி?

காலையில் பால் குடித்துவிட்டுச் சமர்த்தாகக் கிடக்கும் குழந்தை, விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் முகம் சிவந்து, முஷ்டியை இறுக்கி, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்தும். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பால் பத்தவில்லை என்பார் ஒருவர், திருஷ்டி என்பார் இன்னொருவர். கடைசியில் "நீ மத்தியானம் சாப்பிட்ட உருளைக்கிழங்குதான் வாயு" என்று பழி தாயின் தலையில் வந்து விழும். முதல் பிள்ளை பெற்ற அம்மாக்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

நன்றாகப் பால் குடித்து எடையும் ஏறும் குழந்தை, காரணம் தெரியாமல் இப்படி அழுவதை மருத்துவர்கள் கோலிக் என்கிறார்கள். நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல் என்று 1954-ல் வெஸல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வகுத்த கணக்கு இன்றும் பேச்சில் இருக்கிறது. பிறந்து 2, 3 வாரத்தில் தொடங்கி, 6 வாரத்தில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானாக அடங்கிவிடும். குறைமாதக் குழந்தை என்றால் பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து கணக்குப் போடுங்கள்.

முதலில் நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், உடனே மருத்துவமனை. பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது, ஒரு நாளில் 6 முறைகூடச் சிறுநீர் போகாதது, எதற்கும் அடங்காமல் வழக்கத்துக்கு மாறான குரலில் அழுவது, இவற்றுக்கும் அப்படியே. எழும்பூர் குழந்தைகள் நல அரசு மருத்துவமனை இரவிலும் திறந்திருக்கும். வண்டி இல்லையென்றால் 108. இன்னொன்று: உடையை எல்லாம் கழற்றிக் கால் விரல், கை விரல்களைப் பாருங்கள். அம்மாவின் தலைமுடி ஒன்று விரலில் சுற்றி இறுக்கியிருந்தாலும் குழந்தை இப்படித்தான் அலறும்.

அப்புறம் வழக்கமான நாலு விஷயம்

பசி, ஏப்பம், ஈரம், புழுக்கம். நம் ஊரில் நாலாவதை மறந்துவிடுகிறோம். சித்திரை வெயிலில் தொப்பி, கையுறை, காலுறை, மேலே கம்பளி என்று சுற்றி வைத்தால் குழந்தை அழாமல் என்ன செய்யும்? கையும் காலும் சில்லென்றுதான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். ஃபேன் ஓடலாம், ஏசியும் போடலாம், காற்று நேராக முகத்தில் அடிக்காமல் இருந்தால் சரி.

பகல் தூக்கத்தைப் பிடியுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சாயங்கால அழுகையில் ஒரு பங்கு காலையிலேயே சேர ஆரம்பிக்கிறது. தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காத குழந்தை களைத்துப் போகும். களைத்த குழந்தைக்குத் தூங்கவும் தெரியாது.

6 வாரக் குழந்தையால் ஒரு தடவைக்கு 1 மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம்தான் விழித்திருக்க முடியும். பால் குடிக்கும் நேரமும் இதில் சேர்த்தி. அப்படியென்றால் பால் குடித்து, ஏப்பம் விட்டு, துணி மாற்றி, கொஞ்சம் முகம் பார்த்துப் பேசினாலே அடுத்த தூக்கம் வந்துவிடும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போதுதான் இந்த நேரம் தப்பிப் போகிறது. "பால் குடிச்சாச்சு அத்தை, கொஞ்சம் தூங்க வச்சுட்டு வரேன்" என்று தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொட்டாவி வரும்வரை காத்திருக்காதீர்கள். அதற்கு முன்பே அடையாளம் தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண் சுவரில் போய் நிலைகுத்தும். புருவத்துக்கு மேலே லேசாகச் சிவக்கும். முகத்தைத் திருப்பி உங்கள் தோளில் புதைத்துக்கொள்ளும். அந்த நொடியில் எழுந்து திரையை இழுத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

வீடு நிசப்தமாக இருக்க வேண்டியதில்லை. குக்கர் விசில், தெருவில் பழைய பேப்பர்காரரின் ஒலிபெருக்கி, எதிர் வீட்டு டிரில்லிங் மெஷின் எல்லாவற்றையும் நிறுத்த நம்மால் ஆகாது. ஃபேனின் சீரான இரைச்சலே இவற்றைப் பாதி மறைத்துவிடும். கரண்ட் போனால் வாயாலேயே "உஷ்ஷ்ஷ்" என்று நீளமாக இழுங்கள்.

காலை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு வரும் தூக்கம் பகலிலேயே நல்ல தூக்கம். ஆயாம்மா தினமும் ஒரே நேரத்துக்கு வந்து குளிப்பாட்டும்படி பார்த்துக்கொண்டால் நாளுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டாம், பிஞ்சு நுரையீரல் தாங்காது. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடவோ ஊதவோ விடாதீர்கள்.

கையிலிருந்து இறக்குவது

தோளில் தூங்கும் குழந்தை, படுக்கையைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும். ஜப்பானின் ரைக்கன் ஆய்வு நிறுவனம் 2022-ல் இதற்கு ஒரு வழி சொன்னது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நிற்காமல் சீராக நடக்க வேண்டும். தூங்கியதும் இறக்காமல், அப்படியே உட்கார்ந்து இன்னும் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்திருக்க வேண்டும். பிறகு கிடத்தலாம். குழந்தையின் கையை லேசாகத் தூக்கி விடுங்கள். தொப்பென்று விழுந்தால் தூக்கம் ஆழ்ந்துவிட்டது. முதலில் இடுப்பு, அப்புறம் தலை என்று இறக்கி, நெஞ்சின் மேல் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து மெல்ல எடுங்கள்.

எப்போதும் மல்லாக்க, சமமான கெட்டியான படுக்கையில். தலையணை, பொம்மை, கனமான போர்வை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

தூளி? அம்மாவின் பழைய காட்டன் புடவையில் கட்டிய தூளிக்கு இணையாகக் குழந்தையை அடக்குவது எதுவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் முட்டி மூச்சு தடைபடலாம், துணி முகத்தை மூடலாம். அதனால் தேற்றுவதற்குத் தூளி, தூங்குவதற்குத் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டும் நேரம் முழுக்க ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அக்கா அண்ணன்மார் கையில் கயிற்றைக் கொடுக்கக் கூடாது.

பகல் தூக்கம் அரை மணி, முக்கால் மணியில் கலைவது இந்த வயதில் இயல்பு. முனகினதும் பாய்ந்து தூக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள், பல நேரம் தானே திரும்பத் தூங்கிவிடும்.

அழுகை உச்சத்தில் இருக்கும்போது

முழங்கை மடிப்பில் கன்னம் படும்படி, குழந்தையை உங்கள் முன்கையின் மேல் குப்புறக் கிடத்துங்கள். கையும் காலும் இரண்டு பக்கமும் தொங்கட்டும், உங்கள் உள்ளங்கை தொடைகளுக்கு நடுவே கெட்டியாகப் பிடித்திருக்கட்டும். மறு கையால் முதுகைத் தட்டியபடி இருட்டான அறையில் நடங்கள். வயிற்றில் விழும் அந்த மெல்லிய அழுத்தம் நிறையக் குழந்தைகளைச் சட்டென்று அடக்கும். தூங்கிவிட்டால் மல்லாக்கத் திருப்பிக் கிடத்த வேண்டும். ஒரு முறையை ஆரம்பித்தால் 5 நிமிடமாவது விடாமல் செய்யுங்கள். நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றினால் குழந்தை இன்னும் மிரளும்.

வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தில் வந்த சரக்கு, பழைய கலவையில் சாராயமும் இருந்தது. இன்றைய புட்டியில் அது இல்லை, ஆனாலும் கோலிக்கைத் தீர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. வசம்பு சுட்டு உரைத்துக் கொடுப்பதில் வாந்தியும் வலிப்பும் வர வாய்ப்பு உண்டு. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. ஓம வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், வெறும் தண்ணீர், இவையும் 6 மாதம் வரை தேவையில்லை. கத்திரி வெயிலிலும் தாய்ப்பாலில் இருக்கும் நீரே போதும். மாமியாரிடம் வாதாட வேண்டாம், "டாக்டர் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார் அத்தை" என்றால் போதும். அவருக்கும் பேரப்பிள்ளை அழுவது பொறுக்காமல்தானே சொல்கிறார்.

உங்கள் கை ஓய்ந்து போனால்

பொறுமை போகிறது என்று தோன்றிய உடனே குழந்தையைப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, 10 நிமிடம் பால்கனிக்கோ மொட்டை மாடிப் படிக்கோ போய் வாருங்கள். பத்திரமான இடத்தில் கிடந்து அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் குலுக்கக் கூடாது, குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். சாயங்காலம் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஆபீஸ் முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு அப்பா குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும், அந்த நேரத்தில் நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். வெளியே போக முடியவில்லையென்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.